பீட்டில்ஸ் வெளியிடாத பாட்டுகள்

லிவர்பூலில் தோன்றிய பீட்டில்ஸ் குழு 1962-க்கும் 1970-க்கும் இடையே இசைத்தட்டுகளாக வெளியிட்ட பாட்டுகள் இருநூற்றுச் சொச்சம்தான். ஒருநாள் விடுப்பு எடுத்தால் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம். குழு கலைந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அதன் ரசிகர்களில் ஒரு சாராருக்கு இந்த இருநூறு போதவில்லை. பாதியில் கைவிட்ட பாட்டு, வீட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடிப்பார்த்த டெமோ, வானொலி நிலையத்தில் ஒரே ஒருமுறை பாடியது, ஒத்திகையில் வரி மறந்து சிரித்தது என வெளிவராத அத்தனையையும் அவர்கள் தேடிச் சேர்க்கிறார்கள். ராக் இசை உலகில் இத்தகைய தேடல் பல குழுக்களைச் சுற்றி நடக்கிறது. ஆனால் இவ்வளவு காலம், இவ்வளவு நுணுக்கமாக நடந்தது பீட்டில்ஸ் விஷயத்தில்தான்.

வெளிவராத ஒலிநாடா இவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் பதிவு செய்யும் முறையிலேயே இருக்கிறது. சினிமா படப்பிடிப்பைப் போலவே பாட்டுப் பதிவிலும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒவ்வொரு டேக்குக்கும் ஓர் எண் உண்டு. பிடித்த ஒன்று தட்டுக்குப் போகும், மற்றவை ஸ்டூடியோ அலமாரியில் தங்கிவிடும். ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'நாட் கில்ட்டி' என்ற பாட்டுக்கு 1968 ஆகஸ்டில் லண்டனின் ஆபி ரோடு ஸ்டூடியோவில் டேக் எண் 102 வரை போயிற்று. கடைசியில் அந்தப் பாட்டையே ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹாரிசன் அதைப் புதிதாகப் பாடித் தன் சொந்த ஆல்பத்தில் சேர்த்தது 1979-இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் ஒரு முழுப் பாட்டு நாடாவில் கிடந்தது. இப்படிக் கிடந்தவை எத்தனை என்பதுதான் தேடுவோரின் முதல் கேள்வி.

இந்தத் தேடலின் ஆதி ஆவணம் 1957 ஜூலை 6 அன்று எடுக்கப்பட்டது. லிவர்பூலின் வூல்ட்டன் பகுதியில் ஒரு தேவாலய விழா. ஜான் லெனன் அப்போது நடத்திவந்த குவாரிமென் குழு பாடுவதை இளைஞர் ஒருவர் கையில் எடுத்துச்செல்லும் டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்தார். பால் மெக்கார்ட்னியை லெனன் முதன்முதலாகச் சந்தித்தது அதே நாளில்தான். அந்த நாடா 1994-இல் சோதபிஸ் ஏலத்துக்கு வந்தபோது, பீட்டில்ஸ் தட்டுகளை வெளியிட்டுவந்த இ.எம்.ஐ. நிறுவனம் 78,500 பவுண்டுக்கு எடுத்தது. ஒலி மிக மோசம் என்பதால் அதை வெளியிடவில்லை. அடுத்த ஆண்டு, 1958-இல், குழு ஒரு வீட்டு ஸ்டூடியோவில் பதினேழரை ஷில்லிங் செலவில் இரண்டு பாட்டுகளைப் பதிந்தது. கிடைத்தது ஒரே ஒரு தட்டு. ஆளுக்கு ஒரு வாரம் என முறை வைத்துக் கேட்டார்கள். முறை பியானோ வாசித்தவரிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. 1981-இல் அவர் அதை விற்க முனைந்தபோது மெக்கார்ட்னியே வாங்கிக்கொண்டார்.

1962-ஆம் ஆண்டின் முதல் நாளில் டெக்கா நிறுவனத்தில் நடந்த குரல்தேர்வு இன்னொரு மைல்கல். அன்று அவர்கள் 15 பாட்டுகள் பாடினார்கள். டெக்கா வேண்டாம் என்றுவிட்டது. புகழ்பெற்ற அந்த நிராகரிப்பின் நாடா எழுபதுகளில் ரசிகர்களின் கைக்கு வந்து, பிரதியின் பிரதியாகப் பெருகியது. கேட்டவர்களால் டெக்காவை முழுக்கக் குறைசொல்லவும் முடியவில்லை, பாட்டில் பதற்றம் தெரிகிறது. வெளிவராத ஒரு பதிவு வரலாற்றுக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பழங்கதையைத் திரும்பச் சொல்லாமல், கேட்டே முடிவுசெய்யலாம்.

ரசிகர்களின் கைமாற்றாக இருந்தது வணிகமாக மாறிய ஆண்டு 1969. அந்த ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற இரட்டைத் தட்டு விற்பனைக்கு வந்தது. வெறும் வெள்ளை உறை, நிறுவனத்தின் பெயர் இல்லை. உள்ளே பாப் டிலன் வெளியிடாத பாட்டுகள். ராக் இசையின் முதல் பெரிய கள்ளப் பதிப்பு என இதைச் சொல்வார்கள். கடையில் விற்கும் தட்டையே நகலெடுத்து விற்கும் திருட்டு வேறு, இது வேறு. எந்தக் கடையிலும் இல்லாததை இது விற்றது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு நாடு தழுவிய பதிப்புரிமைச் சட்டம் 1972 பிப்ரவரி 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சட்டத்தில் இருந்த ஓட்டை இந்த வணிகத்துக்கு வழிவிட்டது.

சில மாதங்களிலேயே பீட்டில்ஸின் முறை வந்தது. 1969 ஜனவரியில் பதிந்த பாட்டுகளைப் பொறியாளர் கிளின் ஜான்ஸ் ஒரு ஆல்பமாகத் தொகுத்துக் காட்டியிருந்தார். குழுவுக்குத் திருப்தியில்லை, திட்டம் கிடப்பில் போயிற்று. அந்தத் தொகுப்பின் மாதிரித் தட்டு எப்படியோ அட்லாண்டிக்கைத் தாண்டியது. செப்டம்பரில் அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்பின. பிறகு 'கம் பேக்' என்ற பெயரில் கள்ளத் தட்டு வந்தது. அந்த ஜனவரிப் பாட்டுகள் 'லெட் இட் பீ' என்ற ஆல்பமாக அதிகாரபூர்வமாக வெளியானதோ 1970 மே மாதம். அதற்குள் தீவிர ரசிகர்களுக்கு அந்தப் பாட்டுகள் மனப்பாடம்.

அதே 1969 ஜனவரிதான் தேடுவோருக்குப் பெரும் சுரங்கமாகவும் அமைந்தது. பீட்டில்ஸின் ஒத்திகையைப் படமெடுத்தவர்கள் நாக்ரா என்ற ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டைப் படப்பிடிப்பு நேரம் முழுவதும் ஓடவிட்டார்கள். ஒரு சுருள் ஏறக்குறைய 16 நிமிடம் ஓடும். ஒன்று தீரும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே பேச்சு, சண்டை, தேநீர் இடைவேளை, பாதிப் பாட்டு எல்லாம் விழுந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தச் சுருள்கள் பின்னர் களவு போயின. அவற்றின் பிரதிகள் துண்டு துண்டாகக் கள்ளத் தட்டுகளில் வரத் தொடங்கின. ரசிகர்கள் செய்த வேலை இங்கேதான் வியக்க வைக்கிறது. சுருளின் தொடக்கத்தில் அறிவிக்கப்படும் எண்ணைக் கேட்டு, ஒரு கருவியில் விட்டுப்போனதை மற்றதிலிருந்து நிரப்பி, அந்த மாதத்தை நாள்வாரியாக, நிமிடவாரியாக ஒழுங்குபடுத்தினார்கள். 83 குறுந்தகடுகள் அளவுக்கு ஒரு ரசிகர் தொகுப்பே உருவாயிற்று. காசு வாங்காமல் கைமாறிய தொகுப்பு அது. களவு போன மூல நாடாக்களில் சுமார் ஐந்நூறை, பிரிட்டிஷ், டச்சுக் காவல்துறையினர் 2003 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் அருகே மீட்டார்கள்.

பிபிசி வானொலியின் கதை வேறு விதம். 1962 முதல் 1965 வரை பீட்டில்ஸ் அங்கே 275 முறை பாடினார்கள், 88 வெவ்வேறு பாட்டுகள். அவற்றில் 36 பாட்டுகளை அவர்கள் அந்நாளில் தட்டுக்காகப் பதிந்து வெளியிட்டதே இல்லை. நாடா விலை அதிகமாக இருந்த காலம். நிகழ்ச்சி முடிந்ததும் அழித்து வேறொன்றைப் பதிவது வானொலியின் வழக்கம். அழிந்தவற்றில் பல இன்று கேட்கக் கிடைப்பது, வீட்டில் வானொலிப் பெட்டியின் முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த சிறுவர் சிறுமியரால். 1994-இல் 'லைவ் அட் த பிபிசி' ஆல்பம் வந்தபோது இத்தகைய பதிவுகளும் அதற்கு உதவின. உரிமையாளர் குப்பை என்று கருதியதை ரசிகர் பாதுகாத்தார் என்பது இந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. தேடலை வெறும் திருட்டு என்று ஒதுக்குவோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆபி ரோடு அலமாரிகள் மட்டும் நெடுங்காலம் மூடியே இருந்தன. 1983-இல் ஸ்டூடியோவின் ஒரு கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து, வெளிவராத பதிவுகள் சிலவற்றைத் திரையிட்ட காட்சிகளோடு போட்டுக்காட்டினார்கள். வந்தவர்களில் சிலர் சட்டைக்குள் கேசட் ரெக்கார்டரை மறைத்து வந்திருந்தார்கள். 1985-இல் 'செஷன்ஸ்' என்ற ஆல்பத்தை இ.எம்.ஐ. தயாரித்து, குழுவினரின் எதிர்ப்பால் கைவிட்டது. அதுவும் கசிந்தது. 1988-இல் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்தன. பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூவிசன், ஸ்டூடியோ நாடாக்களை வரிசையாகக் கேட்டு, எந்த நாளில் எந்தப் பாட்டுக்கு எத்தனை டேக் என்று எழுதிய நூல் வெளியானது. தேடுவோர் கையில் முதன்முறையாக ஒரு வரைபடம் கிடைத்தது. அதே ஆண்டு 'அல்ட்ரா ரேர் டிராக்ஸ்' என்ற கள்ளக் குறுந்தகடுகள் ஐரோப்பாவில் வந்தன. இரைச்சல் துளியும் இல்லாத, ஸ்டூடியோத் தரத்தில் அமைந்த டேக்குகள். அதுவரை கேட்டுவந்த மங்கலான பிரதிகளோடு ஒப்பிட்டவர்கள் திகைத்துப்போனார்கள்.

கிடைத்தது அசலா என்று கண்டறிவது தனிக் கலை. நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும், உச்ச ஒலிகள் மழுங்கும். ஆகவே ஒரு பிரதி மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பதைப் பழகிய காது மதிப்பிடும். நாடா ஓடிய வேகம் தவறினால் சுருதி மாறும், குரல் கீச்சிடும். பதிவில் கலந்துள்ள மின்சார ரீங்காரம் பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸாக இருக்கவேண்டும் என்பதை அளவுகோலாக வைத்து வேகத்தைச் சரிசெய்ய முடியும். பாட்டுக்கு முன் பொறியாளர் சொல்லும் டேக் எண்ணும், இடையில் கேட்கும் பேச்சும் நாளைக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனை கவனத்தையும் மீறிப் போலிகள் உலவின. மிகப் பெரிய ஏமாற்றம் 'ஹேவ் யூ ஹேர்ட் த வேர்ட்' என்ற பாட்டு. லெனனின் குரல் போலவே ஒலிக்கும் அது பீட்டில்ஸ் பாட்டென்று எழுபதுகளில் கள்ளத் தட்டுகளில் வலம்வந்தது. உண்மையில் பீ ஜீஸ் குழுவின் மாரிஸ் கிப்பும் நண்பர்களும் 1969-இல் பதிந்து, த ஃபட் என்ற பெயரில் 1970-இல் வெளியிட்டது. லெனன் மறைந்த பிறகு, 1985-இல், அவர் மனைவி யோகோ ஓனோவே அதை லெனனின் பாட்டென்று நினைத்துப் பதிப்புரிமை கோரினார் என்றால் குரல் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

தேடிக் கிடைத்தவற்றில் இசை என்ற அளவில் மிக உயர்ந்தவை ஈஷர் டெமோக்கள். 1968-இன் தொடக்கத்தில் நால்வரும் ரிஷிகேஷுக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்றார்கள். கையில் கிட்டார் மட்டும் இருந்த அந்த வாரங்களில் பாட்டுகள் பொழிந்தன. திரும்பியதும் மே மாதம், லண்டனுக்கு அருகே ஈஷரில் இருந்த ஹாரிசனின் வீட்டில் 27 பாட்டுகளைப் பாடிப் பதிந்தார்கள். டிரம்ஸ் முழக்கமோ ஸ்டூடியோ வேலைப்பாடோ கிடையாது. 'ஒயிட் ஆல்பம்' என அறியப்படும் இரட்டைத் தட்டில் தனித்தனி ஆட்களாகத் தெரிபவர்கள், இங்கே ஒருவர் பாட மற்றவர் தாளம் தட்டிச் சிரிக்கிறார்கள். குழு உடைந்துகொண்டிருந்தது என்ற வழக்கமான கதையை இந்த நாடா குறைந்தபட்சம் தள்ளிப்போடுகிறது. 1988-இல் தொடங்கிய ஓர் அமெரிக்க வானொலித் தொடரில் இதன் பகுதிகள் ஒலிபரப்பாக, ரசிகர்கள் முப்பது ஆண்டுகள் கள்ளப் பிரதிகளில் கேட்டார்கள். முழுத் தொகுதி அதிகாரபூர்வமாக வந்தது 2018-இல்.

தேடுவோரின் பாதையிலேயே நிறுவனமும் நடக்கத் தொடங்கியது 1995-இல். வெளிவராத பதிவுகளைத் தொகுத்த 'ஆந்தாலஜி' வரிசையின் முதல் தொகுதி அமெரிக்காவில் ஒரே வாரத்தில் எட்டரை லட்சம் பிரதிகள் விற்றது. பிறகு சட்டமும் நெருக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமையை 50-லிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதனால் 2013 டிசம்பரில் 1963-ஆம் ஆண்டின் 59 பதிவுகளை, 'கள்ளப் பதிவுகள்' என்ற பொருள்படும் தலைப்பிலேயே, ஐடியூன்ஸில் விற்பனைக்கு வைத்தார்கள். நிறுவனம் தேடுவோருக்குக் கொடுத்த மிக வெளிப்படையான அங்கீகாரம் அதுவே.

கலைஞர் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்க அடுத்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. 1962 இறுதியில் ஹாம்பர்க் நகரின் ஸ்டார் கிளப்பில் பாடியதை யாரோ சாதாரண வீட்டு ரெக்கார்டரில் பதிந்தார்கள், 1977-இல் அது ஆல்பமாக விற்கப்பட்டது. 1998-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஹாரிசனே நேரில் சாட்சி சொல்ல, தீர்ப்பு பீட்டில்ஸ் பக்கம் வந்தது. அது நியாயமான தீர்ப்பே. ஒருவர் பாடியதை அவர் சம்மதமின்றி விற்றுப் பணம் பார்ப்பதும், அழியவிடாமல் காப்பதும் ஒன்றல்ல. முன்னதைத் தடுக்கும் சட்டம் பின்னதையும் சேர்த்து அழித்துவிடக்கூடாது.

தேடல் இப்போது புதிய கருவிகளோடு தொடர்கிறது. ஆவணத் தொடர் ஒன்றுக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, ஒரே நாடாவில் கலந்த குரலையும் வாத்தியத்தையும் கணினி கொண்டு பிரிக்கும் முறையை உருவாக்கியது. எழுபதுகளின் இறுதியில் லெனன் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பாடிய 'நவ் அண்ட் தென்', 1995-இல் முயன்று கைவிடப்பட்ட பாட்டு. அதிலிருந்து லெனனின் குரலைத் தனியே எடுத்து 2023 நவம்பர் 2 அன்று வெளியிட்டார்கள். பிரிட்டன் தரவரிசையில் அது முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு, 1963 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டோ பள்ளியில் பீட்டில்ஸ் நடத்திய நிகழ்ச்சியை அங்கே படித்த மாணவர் முழுதாகப் பதிந்துவைத்திருந்தது தெரியவந்தது. 2025-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு பழைய தட்டுக் கடைக்காரரிடம் டெக்கா குரல்தேர்வின் மிகத் தெளிவான நாடா இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னும் வெளிவராதவற்றில் இரண்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 1968 ஜூலை 18 அன்று பதிந்த 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' பாட்டின் 27 நிமிட வடிவம் ஒன்று. மற்றது 'கார்னிவல் ஆஃப் லைட்'. 1967 ஜனவரி 5 அன்று லண்டன் நிகழ்ச்சி ஒன்றுக்காகச் செய்த, 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஒலிச் சோதனை அது. 'ஆந்தாலஜி'யில் சேர்க்க மெக்கார்ட்னி விரும்பினார், மற்றவர்கள் உடன்படவில்லை. ஏறக்குறைய எல்லாம் கசிந்துவிட்ட பீட்டில்ஸ் உலகில் இந்த இரண்டும் இன்றுவரை கசியவில்லை.