இடது கை எதிரியும் பழகாத கண்ணும்

குத்துச்சண்டை வீரர்களில் பெரும்பாலானோர் இடது காலையும் இடது கையையும் முன்னே வைத்து, வலுவான வலது கையைத் தாடையருகே பின்னிறுத்தி நிற்கின்றனர். ஓர்தடொக்ஸ் எனப்படும் இந்நிலைக்கு நேர்மாறாக, வலது காலை முன்வைத்து இடது கையைப் பின்னிறுத்தும் நிலை சவுத்போ எனப்படுகிறது. முதல் வகையினர் இரண்டாம் வகையினரிடம் தடுமாறுவர் என்ற நெடுநாள் நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆயினும் அத்தடுமாற்றத்தின் வேர் இடது கையின் தனி வலிமையில் அன்றி, அதைக் கண்டு பழகாமையிலேயே இருக்கிறது.

உலக மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே இடக்கையர் என்பதால், சவுத்போ வீரர் நாள்தோறும் ஓர்தடொக்ஸ் வீரர்களோடு மோதிப் பழக, அவர்களோ அவரைப் போன்றவரை எப்போதாவதுதான் சந்திக்கின்றனர். குத்துச்சண்டை வீரர்களையும் கலப்புத் தற்காப்புக்கலை வீரர்களையும் ஆராய்ந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இடக்கையருக்கு வெற்றி வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றே கண்டது.

இரு வகையினரும் எதிரெதிரே நிற்கும்போது அவர்களின் முன்கைகள் ஒரே கோட்டில் வருவதால், எதிரியின் தூரத்தை அளக்க உதவும் நேரான முன்கைக் குத்து, அதாவது ஜாப், எதிரியின் முன்கையில் தட்டுப்பட்டுப் பயனிழக்கிறது. முன்பாதங்களும் அருகருகே அமைவதால், எவர் தமது பாதத்தை எதிரியின் பாதத்திற்கு வெளிப்புறமாக வைக்கிறாரோ அவரது பின்கைக்கே முகத்தை நோக்கிய நேர்வழி திறக்கிறது. ஆகவே ஓர்தடொக்ஸ் வீரர் தமது இடப்பக்கமாக நகர வேண்டும். வலப்பக்கம் நகர்ந்தால் எதிரியின் வலிய இடது கையின் முன்னே தாமே சென்று நிற்பவராவார். ஜாப்பை நம்பியிராமல் வலது கையை முதலிலேயே நேராகச் செலுத்துவதும் அவருக்குப் பலனளிக்கும்.

பழகப் பழக இத்தடுமாற்றம் நீங்கும் என்பதற்கு மெக்சிக்கோவின் ஹுவான் மனுவேல் மார்க்கெஸை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 2004 மே 8ஆம் திகதி லாஸ் வேகாஸில் பிலிப்பைன்ஸின் சவுத்போ வீரர் மணி பாக்கியாவோவை முதன்முதலாகச் சந்தித்த அவர், முதற்சுற்றிலேயே மூன்று முறை வீழ்த்தப்பட்டார். எனினும் அவ்விடது கை எப்போது, எந்தக் கோணத்தில் புறப்படுகிறது என்பதை அடுத்தடுத்த சுற்றுகளில் கற்றுக்கொண்டு, போட்டியைச் சமநிலையில் முடித்தார். 2008இலும் 2011இலும் நடுவர்களின் தீர்ப்பு பாக்கியாவோவுக்கே சாதகமாக அமைந்தது. அவற்றை இன்றும் ஏற்காதோர் பலர். 2012 டிசம்பர் 8ஆம் திகதி நடந்த நான்காவது சந்திப்பின் ஆறாம் சுற்றில், பாக்கியாவோ முன்னேறி வந்த கணத்தில் மார்க்கெஸ் செலுத்திய ஒற்றை வலது கைக் குத்து அவரை நினைவிழக்கச் செய்தது. ஒரே எதிரியை நாற்பத்திரண்டு சுற்றுகள் எதிர்கொண்டு பெற்ற பழக்கம் அது. ஆயினும் எல்லா வெற்றிக்கும் இத்தனை நீண்ட பாடம் தேவைப்படுவதில்லை: 1994இல் 45 வயதான ஜோர்ஜ் ஃபோர்மன், புள்ளிகளில் பின்தங்கியிருந்தபோதே, சவுத்போ சம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வலது கையால் வீழ்த்தினார்.

இப்பாடம் இலங்கைக்கும் பொருந்தும். 1938 சிட்னி பேரரசு விளையாட்டு விழாவின் குத்துச்சண்டையில் பார்னி ஹென்ரிகஸ் இந்நாட்டுக்குத் தங்கம் வென்றார். இங்கு இவ்விளையாட்டு புதியதன்று. ஆனால் பதுளை மாவட்டத்தின் தெமோதரை போன்ற தோட்டப்புறத்தில் பத்துப் பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்ந்தால், அவர்களுள் ஓர் இடக்கையர்கூட இல்லாதிருக்கலாம். அப்போது அப்பிள்ளைகள் போட்டி மேடையில்தான் சவுத்போ நிலையை முதன்முறையாகக் காண நேரும். ஆகவே பதுளை மாவட்டப் பயிற்றுநர்கள், சோறுண்ணும் கையை மாற்றச் சொல்லும் வீட்டு வழக்கத்தை மேடைக்கும் கொண்டுவந்து, இடக்கைப் பிள்ளையை வலக்கை நிலைக்குத் திருப்பாதிருக்க வேண்டும். இடக்கையர் எவரும் இல்லாத இடத்தில், வலக்கைப் பிள்ளைகளில் ஒருவரை வாரத்தில் சில சுற்றுகளேனும் கால் மாற்றி நிற்கச் செய்து, மற்றவர்களை அவரோடு பழக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை.