ஓடத் தெரியாத பிள்ளைக்கும் ஒரு புள்ளி

இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் நம் பள்ளிகளில் நடக்கும் 'சுக்கான்தாரா'வை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என ஒவ்வொன்றுக்கும் வயதுக்கேற்ப ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதை எட்டும் ஒவ்வொரு மாணவரும் தம் இல்லத்திற்குப் புள்ளி சேர்க்கிறார். பக்கத்தில் ஓடியவர் முந்தினாரா என்பது கணக்கில் வராது. எல்லாப் பிள்ளைகளையும் திடலுக்கு அழைக்கும் வழி நம்மிடமே இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பின்தான். போட்டி நாளன்று முதல் சில இடங்களுக்கே மதிப்பு. அங்கிருந்து மாவட்டம், மாநிலம், தேசியம் என்று தேர்வு தொடர்கிறது. திறமைசாலிகளைத் தேடுவது தவறன்று. ஆனால், எட்டு வயதிலேயே கூடாரத்தில் அமர்ந்து கைதட்டப் பழகிய பிள்ளை பதின்மூன்று வயதில் தானாக எழுந்து வருமா?

ஜொகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டப்புறப் பள்ளிகள் பல, 150 மாணவர்களைத் தாண்டாத 'குறைந்த மாணவர் பள்ளி' வகையைச் சேர்ந்தவை. அங்கே அஞ்சல் ஓட்டத்திற்கு ஒரே வயதில் நால்வர் கிடைப்பதே பெரும்பாடு! ஆகவே குண்டான பையனும் ஓடுவான். கூச்சப்படும் பெண்ணும் ஓடுவாள். அதே பிள்ளைகள் ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பார்வையாளர்களாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

2011இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கை அறிமுகமானது. பெயர் பதிவதோடு அது நின்றுவிடும் இடங்களும் உண்டு. காரணம் எப்போதும் அலட்சியமல்ல. ஜொகூர் பாருவில் பெற்றோர் பலர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். மாலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளையை ஏற்றிச் செல்ல யார் வருவார்? பள்ளி வேன் காத்திருக்காது.

2019 முதல் சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாது என்ற கொள்கை நடப்பில் உள்ளது. வகுப்பறைக் கதவு திறந்தது, சரி, திடல்? சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்காலில் ஊனமுற்றவர். அவரை உயரம் தாண்டுதலுக்குத் தூண்டியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

சுக்கான்தாராவை மாலையில் வைக்காமல் உடற்கல்விப் பாட வேளையிலேயே ஆண்டுக்கு இருமுறை நடத்தலாம். அளவை எட்டாத பிள்ளை, முன்பு 20 விநாடியில் ஓடியதை இப்போது 19இல் ஓடினால் அதற்கும் ஒரு புள்ளி தரலாம். இதற்கு ஆசிரியரின் அட்டவணையில் இன்னொரு கட்டம் போட்டால் போதும்.