உங்களுக்குத் தெரியுமா? பெரும்பான்மைக்கும் பெயர் சூட்டிய சிறுபான்மை

பிளேட்டோவின் ‘விருந்து’ உரையாடலில் வரும், வானக் கடவுளான யுரேனோஸுக்குப் பிறந்த அஃப்ரோடைட்டியை மனத்தில் கொண்டு, ஆண்களிடம் ஈர்ப்புக் கொள்ளும் ஆண்களுக்கு ‘ஊர்நிங்’ என்றும், பெண்களிடம் ஈர்ப்புக் கொள்ளும் ஆண்களுக்கு, டியோனுக்குப் பிறந்த மற்றோர் அஃப்ரோடைட்டியைக் கொண்டு ‘டியோனிங்’ என்றும் ஜெர்மானியச் சட்டவியலாளர் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் 1864இல் பெயரிட்டார். அழகிய சொற்களே எனினும் அவை நிலைக்கவில்லை. நிலைத்தவை, ஹங்கேரிய எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி 1868இல் அதே உல்ரிக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கையாண்ட ‘ஹோமோசெக்சுவல்’ (தன்பாலீர்ப்பு), ‘ஹெட்டிரோசெக்சுவல்’ (எதிர்பாலீர்ப்பு) என்னும் கிரேக்க-லத்தீன் கலப்புச் சொற்களாகும். இவற்றுள் முன்னது, ஆண்களிடையேயான உறவைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து, 1869இல் அவர் தம் பெயரை மறைத்து வெளியிட்ட துண்டுநூலின் வழியே முதன்முதலாக அச்சேறியது.

பெரும்பான்மையோரின் இயல்புக்கும் ஒரு பெயர் தேவை என்பதை, ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினருக்காக வாதிட்டவரே உணர்ந்தார் என்பது வியப்புக்குரியது. அப்பெயர் மருத்துவர்களின் கைக்குச் சென்றபின் சிலகாலம் நோயின் சாயலையே பெற்றிருந்தது; எதிர்பாலீர்ப்பை நோய்த்தன்மை கொண்ட காமம் என்று 1923இல் விளக்கிய வெப்ஸ்டர் அகராதி, 1934ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதனை இயல்பான பாலுணர்வு என்று திருத்தியது.