அனாதை என்று யார் முடிவு செய்வது?

கருத்தரங்கில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தார்கள். அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறையின்போது, கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்குப் படப்பிடிப்புக்காகச் சென்றிருந்தோம். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம்தான். வெளிநாட்டுக் கிறிஸ்துவர்களின் நன்கொடையில் நடக்கும் ஒரு சிறார் இல்லம் அது. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள், ஆடினார்கள். எங்கள் கையைப் பிடித்தவர்கள் விடவே இல்லை. கேமராவுக்கு முன்னால் நின்று, "தாய் தந்தை இல்லாத இந்தப் பிஞ்சுகளுக்கு உதவுங்கள்" என்று உருக்கமாகப் பேசியவள் நான்தான்.

புறப்படும் நேரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னான். புத்தாண்டுக்கு அம்மா வந்து ஊருக்கு அழைத்துப் போவார் என்றானாம். நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் கம்போடியர்களுக்கும் புத்தாண்டு வருகிறது. "அம்மாவா?" என்றேன். "இங்கே நிறையப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார்" என்று சாதாரணமாகச் சொன்னார் மொழிபெயர்ப்பாளர். நாடு திரும்பினோம், நிகழ்ச்சி ஒளியேறியது, நேயர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அந்தப் பையன் சொன்னதை மட்டும் நான் நிகழ்ச்சியில் சேர்க்கவில்லை. என் பேச்சுக்குக் காரணமே அதுதான்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் அவன் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தது. கம்போடியாவில் 2005-இல் 154 ஆக இருந்த சிறார் இல்லங்கள் 2010-இல் 269 ஆகிவிட்டன. போர் எப்போதோ முடிந்துவிட்டது, வறுமையும் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் இல்லங்கள் மட்டும் பெருகின. 2015-இல் அரசாங்கமும் யுனிசெஃப் அமைப்பும் சேர்ந்து எண்ணியபோது 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ, இருவருமோ உயிரோடு இருந்தார்கள்.

"உலகில் 14 கோடி அனாதைகள்" என்று நன்கொடைத் துண்டறிக்கைகளில் படித்திருப்பீர்கள். யுனிசெஃப் 2015-இல் தந்த கணக்கு அது. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. இருவரையும் இழந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. மற்றவர்களில் பெரும்பாலோர் அம்மாவோடோ பாட்டியோடோதான் வாழ்கிறார்கள். நம் தோட்டப்புறங்களில் கணவனை இழந்த தாய் பிள்ளைகளை வளர்க்கவில்லையா? அவர்களை நாம் அனாதை என்று சொல்வதில்லையே!

மிஷனரிகளின் தொண்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொடக்கத்தில் அவர்கள் கண்ட துன்பம் உண்மையானது. 1947-இல் சீனா சென்ற அமெரிக்கப் போதகர் பாப் பியர்ஸ் முன்னால், அடிபட்டுக் கைவிடப்பட்ட ஒரு சிறுமியைக் கொண்டுவந்து நிறுத்தினார் ஒரு மிஷனரி ஆசிரியை. இவளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். கையிலிருந்த கடைசி ஐந்து டாலரைக் கொடுத்த பியர்ஸ், மாதந்தோறும் அதே தொகையை அனுப்புவதாக வாக்களித்தார். 1950-இல் அவர் தொடங்கியதுதான் 'வேர்ல்ட் விஷன்'. கொரியப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக 1953-இல் மாதச் சந்தா முறையில் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கும் திட்டம் வந்தது. எவரெட் ஸ்வான்சன் என்ற மற்றொரு போதகர் 1952-இல் தொடங்கிய 'கம்பேஷன்' அமைப்புக்கும் கொரியாவே தாய்வீடு. புகைப்படம், கடிதம், மாதம் ஒரு சிறு தொகை என்று இன்று உலகெங்கும் பழகிப்போன முறை அங்கே வேர்விட்டது.

அதே கொரியாவில்தான் பிரச்சினையும் முளைத்தது. 1955-இல் ஓரிகன் மாநில விவசாயி ஹாரி ஹோல்ட், மனைவி பெர்த்தா இருவரும் எட்டுக் கொரியப் பிள்ளைகளைத் தத்தெடுத்தார்கள். அது பெரிய செய்தியானது. அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? பெற்றோர் இன்னார் என்று தெரிந்திருந்தும் பல பிள்ளைகளின் ஆவணங்களில் அனாதை என்று எழுதப்பட்டது, ஆவணங்கள் மாற்றப்பட்டன, அரசாங்கம் அதைக் கண்காணிக்கத் தவறியது என்றது. இன்று ஐம்பது அறுபது வயதில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறார்கள்.

ஹைத்தியை நினைத்துப் பாருங்கள். 2010 ஜனவரி நிலநடுக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் எல்லையைக் கடக்க முயன்றபோது பிடிபட்டார்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் என்ற வாக்குறுதியை நம்பி அந்தப் பெற்றோரே அனுப்பிவைத்திருந்தார்கள். வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல, ஜெபித்துவிட்டுப் புறப்பட்டு வந்தவர்கள். அதுதான் எனக்கு அதிக அச்சத்தைத் தருகிறது.

பெற்ற தாய் ஏன் பிள்ளையை அனுப்புகிறார்? கல்லாக இருப்பதால் அல்ல. கிராமத்தில் வேலையில்லை, கடன் இருக்கிறது, தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டும். அப்போது ஒருவர் வந்து, மூன்று வேளைச் சோறு, ஆங்கிலப் பள்ளி, எல்லாம் இலவசம் என்கிறார். நீங்களும் நானும்கூட யோசிப்போம். இல்லத்தின் பக்கமும் பாருங்கள். நன்கொடை தலைக்கு இவ்வளவு என்று வரும்போது, காலியான கட்டிலுக்குப் பணம் வராது. பையன் அம்மாவிடம் திரும்பிவிட்டால் இல்லத்துக்கு நஷ்டம். எல்லா இல்லமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் போகும் வழி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகிறது.

எங்கள் கையைப் பிடித்து விடாத பிள்ளைகளைச் சொன்னேன் அல்லவா? அதைப் பாசம் என்று நினைத்து நெகிழ்ந்தேன். யாரென்று தெரியாதவர்களிடமும் உடனே ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவர் இல்லாமல் இல்லங்களில் வளரும் பிள்ளைகளிடம் காணப்படும் அறிகுறி என்கிறார்கள் ஆய்வாளர்கள். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வு 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், இல்லங்களிலேயே தங்கியவர்களைவிட அறிவிலும் மனநலத்திலும் தேறினார்கள். பத்து நாள் வந்து கொஞ்சிவிட்டு விமானம் ஏறும் தொண்டர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு பிரிவைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

கிறிஸ்துவ அமைப்புகளே இதை உணர்ந்திருக்கின்றன. வேர்ல்ட் விஷன் 1970-களிலேயே கிராம மேம்பாட்டின் பக்கம் திரும்பியது. கம்போடிய அரசாங்கம் 2016-இல், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்ப்பதைத் தன் இலக்காக அறிவித்தது. 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, இல்லங்களுக்காகப் பிள்ளை பிடிப்பதை நவீன அடிமைமுறையோடு சேர்த்துப் பேசியது. 2019-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் குடும்பப் பராமரிப்புக்கே முதலிடம் என்று தீர்மானித்தது. ஊனமுற்ற பிள்ளைகள், உண்மையில் யாருமே இல்லாத பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் முதலில் தேட வேண்டியது ஒரு வளர்ப்புக் குடும்பம்.

அப்படியானால் கொடுப்பதை நிறுத்துவதா என்று கேட்டார் அரங்கில் ஒரு பெரியவர். வேண்டாம் ஐயா, கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றேன். உங்கள் இல்லத்தில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள், அம்மாவுக்கு உதவ ஏதாவது திட்டம் உண்டா என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் பணப்பையை மூடிவிடலாம்.

தேவாலய இளைஞர் குழுத் தலைவர் ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார். டிசம்பர் பயணத்துக்கு இருபது பேருக்கு விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது, இப்போது இப்படிச் சொல்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள், இல்லத்துக்குள் போகாதீர்கள், அதற்கு ஒதுக்கிய பணத்தில் எத்தனை தாய்மார்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்காவிட்டால் இளைஞர்கள் எப்படி நிதி திரட்டுவார்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. போன வாரம் தொலைபேசியில் அழைத்து, இல்லத்துக்கு அந்த மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.