கருவியிடம் பேசும் நாவு

"ஏய் அலெக்ஸா, வாயை மூடு!" என்று பிள்ளை கத்தும்போது சிரித்துவிட்டுப் போகிறோம். உயிரில்லாத கருவிதானே என்பது நம் சமாதானம்.

ஆனால் மனம் அதை வெறும் கருவியாக நடத்துவதில்லை. 1990களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிளிஃபோர்ட் நாஸ் குழுவினர் சிலருக்குக் கணினியில் பாடம் நடத்திவிட்டு, அந்தக் கணினி எப்படி என்று கேட்டார்கள். அதே கணினியில் பதில் சொன்னவர்கள் கூடுதலாகப் பாராட்டினார்கள். வேறு கணினியிலோ காகிதத்திலோ பதில் தந்தவர்கள் அந்த அளவுக்குப் பாராட்டவில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சம்!

மார்க்கம் திட்டுகிற நாவையும் பார்க்கிறது. காற்றை ஏசுவதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (திர்மிதீ). காற்றுக்கு மனம் நோகுமா என்ன? 'ப்ளீஸ்' சொல்லும் குழந்தையை அலெக்ஸா பாராட்டும் வசதியை அமேசான் 2018இல் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் கருவியை அதட்டிப் பழகிய பிள்ளை நாளை வேலைக்கார அக்காவை அதட்டினால், திருத்த வேண்டியது உம்மாவும் வாப்பாவும்தான்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. கணினியைக் குறை சொல்லக் கூசும் அதே மனம், அதன் பதிலைச் சந்தேகிக்கவும் கூசுகிறது. இன்றைய செயலிகளோ மிகப் பணிவாகப் பேசுகின்றன. தலாக், வாரிசுரிமை பற்றிக் கேட்டால் ஆலிமைவிட இதமாகப் பதில் வருகிறது. சில வேளை இல்லாத ஹதீஸையும் எண்ணோடு சொல்லிவிடுகிறது. அதை வைத்துச் சொத்தைப் பாகம் பிரிக்கும் முன், ஊர் ஆலிமிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.