இறங்க அவசரம் எதற்கு?

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், பெவர்லி விமான நிலையத்தில் நடந்தது இது. 17 வயது மாணவி ஒருவர் பயிற்றுநர் துணையின்றி, சிறிய பைப்பர் விமானத்தில் தனியே கிளம்பினார். மேலெழும்பும்போதே வலப்பக்கச் சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. தகவல் ரேடியோவில் வந்ததும் அவர் பதறியடித்து இறங்கப் பார்க்கவில்லை. வானிலேயே வட்டமடித்தார். பயிற்றுநர் ரேடியோவில் பேசித் தைரியமூட்டினார். கீழே மீட்புப் படையினர் தயாரான பிறகே இறங்கினார். விமானம் சறுக்கி நின்றது. அவருக்குக் காயம் இல்லை.

சக்கரம் கழல்வது அபூர்வம். மாணவர்களின் தரையிறக்க விபத்துகள் பலவற்றில் விமானத்தில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். ஓடுபாதையை நெருங்கும்போது இதன் வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் இருந்தால் போதும். 'கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்' என்று மாணவர் வேகமாக வருகிறார். வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். விமானம் தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகிறது, இறங்க மறுக்கிறது. பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால், மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதி, விமானம் பந்துபோல எகிறுகிறது. பயந்துபோய் மறுபடி அழுத்துகிறார்; முன்னிலும் பலமாக எகிறுகிறது.

இரண்டு மூன்று குதிகளுக்குள் மூக்குச் சக்கரம் முறிந்து, புரொப்பெல்லர் தரையைச் சுரண்டி வளைந்துவிடக்கூடும். சுழன்றுகொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றதால் உள்ளே என்ன விரிசலோ என்று அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவர் மடங்கியிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். மாணவர் நடந்தே வெளியே வந்துவிடலாம். விமானமோ நெடுநாள் கொட்டகையில் கிடக்கும்.

இதற்கு மருந்து 'கோ-அரவுண்ட்'. முதல் குதியிலேயே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மூக்கைச் சீராகப் பிடித்து, மேலேறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவது. எல்லா மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் கீழே பயிற்றுநரும் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரும்ப மேலே போவது தோல்விபோலத் தோன்றுகிறது. அந்தக் கூச்சம்தான் விமானத்தை உடைக்கிறது.

எரிபொருள் இருக்கும்வரை விமானிக்கு வானத்தில் நேரம் இருக்கிறது. பெவர்லி மாணவி அதைப் பயன்படுத்திக்கொண்டார். பிள்ளையை விமானப் பயிற்சியில் சேர்க்கும் பெற்றோர், கட்டணத்தோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: தனியே பறக்க விடுமுன் கோ-அரவுண்டை எத்தனை முறை செய்ய வைக்கிறீர்கள்? தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியில் சேருங்கள்.