சமய ஒற்றுமையும் தேசங்களின் நட்பும்

ஒரே சமயத்தைத் தழுவிய நாடுகள் இயல்பாகவே நட்புப் பூண்டு நிற்கும் என்பது பலர் கருத்து. இக்கருத்தின் உண்மையை ஆராய நாம் தூரதேசம் செல்லவேண்டுவதில்லை. இன்று கே.கே. நகர் முதல் திருவரங்கம் வரை பரந்து கிடக்கும் நம் திருச்சிராப்பள்ளியே தக்க சான்று பகரும்.

1751-ஆம் ஆண்டில் கர்நாடக நவாப் பதவியின் பொருட்டு இருவர் இவ்வூரில் பொருதனர். சந்தா சாகிபு கோட்டையை முற்றுகையிட்டார். முகம்மது அலி உள்ளிருந்து காத்தார். இருவரும் இசுலாமியரே. முன்னவர்க்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவர்க்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். அவ்விருவரும் கிறிஸ்தவ தேசத்தாரே. மைசூர் நஞ்சராசர், மராட்டியத் தலைவர் முராரி ராவ், தஞ்சை மன்னர், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆகிய இந்துக்களோ முகம்மது அலியின் பக்கம் சேர்ந்தனர். திருவரங்கம், திருவானைக்கா ஆலய மதில்கள் சந்தா சாகிபின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் அரணாயின. 1752 ஜூன் மாதத்தில், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரண்புகுந்த சந்தா சாகிபு தலை துணிக்கப்பட்டு மாண்டார்.

இக்கூட்டுறவுகளைப் பிணித்த கயிறு யாது? ஆதாயமே என்க. திருச்சிராப்பள்ளி தமக்குக் கிடைக்கும் என்ற வாக்கை நம்பியே நஞ்சராசர் வந்தார். வெற்றிக்குப் பின் வாக்கு நிறைவேறாமையால், அவரும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரரோடு கூடி அதே கோட்டையைத் தாக்கத் தலைப்பட்டனர்.

மேனாட்டிலும் இஃதே நிலை. 1536-இல் கத்தோலிக்கப் பிரான்சு துருக்கிச் சுல்தானோடு உறவு கொண்டது. நம் காலத்திலும், 1969-இல் தோன்றிய இசுலாமிய நாடுகளின் கூட்டமைப்பில் ஒருங்கே அங்கம் வகித்த ஈரானும் ஈராக்கும் 1980 முதல் 1988 வரை கடும்போர் புரிந்தன.

அங்ஙனமாயின் சமயத்திற்கு இத்துறையில் இடமே இல்லையோ? உண்டு. அஃது ஒருமித்துப் பேச ஓர் அவையையும், உறவு கொண்டாட ஒரு மொழியையும் தருகின்றது. அதனினும் மேலாக, சமயம் ஒருவனிடத்து வளர்க்கும் வாய்மை, பிற சமயத்தார் நெஞ்சிலும் நம்பிக்கையை விளைக்கும். திருச்சியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றிய சுவார்ட்சு ஐயரை 1779-இல் ஆங்கிலேயர் ஐதர் அலியிடம் தூதனுப்பினர். ஆங்கிலேயரை நம்பாத ஐதரும் அப்பெரியாரை நம்பினார்.

சந்தா சாகிபும், 1795-இல் இறந்த முகம்மது அலியும் இன்று நம் நகரின் நத்தர் வலி தர்கா வளாகத்திலேயே துயில்கின்றனர். அவர்தம் சமயம் இருவர்க்கும் இறுதியில் ஒரே நிழலைத் தந்தது. வாழ்நாளில் அவர்களை நண்பராக்க அதனால் இயலவில்லை. ஆதலின், அயலான் எந்நாட்டின் நண்பன் என்பதை அவன் வழிபடும் இடங்கொண்டு துணிதல் அறிவுடைமையாகாது. இதனை நம் மாணவர் உளங்கொள்வாராக.